கோட்டைக்குள் தேடினால் கிடைக்காது

கானா நாட்டின் கேப் கோஸ்ட் கோட்டைக்குப் போகிறவர்களை வழிகாட்டிகள் நிலவறைக்கு அழைத்துப் போகிறார்கள். ஆண்களை அடைத்துவைத்த அறைகள் அவை. அவற்றுக்கு நேர் மேலே ஆங்கிலேயரின் தேவாலயம் இருந்தது. நிலவறைத் தரையில் இறுகிக் கிடந்த கறுப்புப் படிவைத் தோண்டிப் பார்த்தபோது, அங்கே அடைபட்டுக் கிடந்தவர்களின் கழிவும் உணவு மிச்சமும் சேர்ந்து கெட்டிப்பட்டது அது என்று தெரிந்தது. அதற்குமேல் அந்தக் கோட்டையைப் பற்றி யாரும் யாருக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்லை.

பழவேற்காட்டில் காட்டுவதற்கு அப்படி ஒன்றும் கிடையாது. முள்புதர் மண்டிய ஒரு மேடு, அதைச் சுற்றி அகழியின் தடம், சற்றுத் தள்ளி ஒல்லாந்தர் கல்லறைத் தோட்டம். தோட்டத்தின் வாயிலில் இரண்டு எலும்புக்கூடுகளைச் செதுக்கிவைத்திருக்கிறார்கள். வருகிறவர்கள் அவற்றோடு நின்று படம் எடுத்துக்கொண்டு, பூநாரை பார்க்க ஏரிப்பக்கம் போய்விடுகிறார்கள். உள்ளே வணிகர்களும் தளபதிகளும் அவர்கள் மனைவி மக்களும் அழகான எழுத்தில் பெயர் பொறித்த கற்களுக்கடியில் இருக்கிறார்கள். 17-ஆம் நூற்றாண்டில் இதே கரையிலிருந்து ஆயிரக்கணக்கான ஆண்களும் பெண்களும் பிள்ளைகளும் அடிமைகளாகக் கப்பலேறினார்கள் என்ற செய்தி அந்தக் கற்களில் வராது. வரவேண்டிய அவசியமும் அவற்றைச் செதுக்கியவர்களுக்கு இல்லை.

கோட்டை இடிந்துபோனதால்தான் தடயம் அழிந்தது என்று சொல்வது எளிது. எனக்கு அதில் உடன்பாடில்லை. கோட்டை முழுசாக நின்றிருந்தாலும் அங்கே நிலவறை தேடுவது இடம் மாறித் தேடுவதாகவே இருந்திருக்கும். சோழமண்டலக் கரையின் அடிமை வணிகத்துக்கு ஒரு முனை உள்நாட்டில் இருந்தது: சந்திரகிரி, வேலூர், செஞ்சி, தஞ்சாவூர் என்று படைகள் மாறி மாறி மிதித்த மண்ணில். மறுமுனை ஜகார்த்தாவிலும் கொழும்பிலும் கேப் டவுனிலும். கோட்டை வெறும் வாசற்படி. நம் தொல்லியல் இன்னும் வாசற்படியிலேயே நிற்கிறது.

வாசற்படியின் வரலாறு ஓரளவு தெரிந்ததுதான். 1610-இல் ஒல்லாந்தர் பழவேற்காட்டில் பண்டகசாலை வைத்துக்கொள்ள இரண்டாம் வேங்கடபதி ராயர் இடம் கொடுத்தார். விஜயநகரத்தில் மிஞ்சியிருந்த அரசு அப்போது சந்திரகிரியிலும் வேலூரிலுமாக இருந்து ஆண்டுகொண்டிருந்தது. பழவேற்காடு அரசி ஓபயம்மாவின் பொறுப்பில் இருந்த ஊர். சாந்தோமில் இருந்த போர்த்துகீசியருக்கு இது பொறுக்கவில்லை. 1612-இல் வந்து பண்டகசாலையை அழித்தார்கள். மறு ஆண்டே வெம்மர் வான் பெர்கெம் என்ற ஒல்லாந்து அதிகாரி கோட்டை எழுப்பி, தன் சொந்த மாகாணத்தின் பெயரால் அதற்கு கெல்டிரியா என்று பெயர் சூட்டினார். 1690-இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை ஒல்லாந்துக் கும்பினியின் சோழமண்டல வணிகம் முழுவதும் இங்கிருந்துதான் நடந்தது. துணி, அவுரி, வெடிமருந்து ஆலை, நாணயச் சாலை எல்லாம் இருந்தன. ஆபிரகாம் ரோஜேரியஸ் என்ற பாதிரியார் 1632 முதல் 1642 வரை இங்கே இருந்து, பத்மநாபன் என்ற பிராமணரிடம் கேட்டுக் கேட்டு எழுதிய நூல் 1651-இல் லைடனில் அச்சாகியது. பர்த்ருஹரியின் சுலோகங்கள் ஐரோப்பிய மொழிக்குப் போனது அந்த நூல் வழியாக. பழவேற்காட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் இந்தப் பெருமையைச் சொல்லாமல் விடுவதில்லை, நானும் சொல்லிவிட்டேன். அவர் வருவதற்குப் பத்தாண்டு முன்னும், அவர் போன நான்காண்டிலும் இதே கரையில் வேறு ஒரு சரக்கு ஏறிக்கொண்டிருந்தது.

அந்தச் சரக்குக்குக் கிராக்கி கிளம்பிய இடம் வெகு தூரத்தில் இருந்தது. 1621-இல் யான் பீட்டர்ஸூன் கூன் தலைமையில் கும்பினிப் படை பந்தா தீவுகளைப் பிடித்தது. ஜாதிக்காய் விளைந்த தீவுகள் அவை. சுமார் 15,000 பேர் வாழ்ந்த இடத்தில் கொலையும் பட்டினியும் ஓட்டமும் போக ஆயிரம் பேர்தான் மிஞ்சினார்கள் என்று கணக்கிடுகிறார்கள். மரம் இருக்கிறது, காய் பறிக்க ஆள் இல்லை. தீவுகளைத் தோட்டம் தோட்டமாகப் பிரித்து ஒல்லாந்துக் குடியேறிகளுக்குக் கொடுத்த கும்பினி, வேலைக்கு அடிமைகளைத் தருவதாகப் பொறுப்பேற்றது. இரண்டாண்டுக்கு முன்பு நிறுவிய பத்தாவியாவிலும் (இன்றைய ஜகார்த்தா) கோட்டை கட்ட, கால்வாய் வெட்ட, சுமை தூக்க, வீட்டு வேலை பார்க்க ஆள் வேண்டியிருந்தது. சுற்றியிருந்த ஜாவானியரை அடிமையாக்கி நகருக்குள் வைத்துக்கொள்ளக் கும்பினிக்குப் பயம். ஓடிப்போக ஊர் இல்லாதவர்கள் வேண்டும். 1673-இல் பத்தாவியாவில் எடுத்த கணக்கில் சுமார் 27,000 பேரில் 13,000 பேருக்கு மேல் அடிமைகள்.

யாழ்ப்பாணத்தில் பிறந்த வரலாற்றாசிரியர் சின்னப்பா அரசரத்தினமும், அவருக்குப் பின் மார்கஸ் விங்கும் கும்பினியின் கடிதங்களிலிருந்தும் கப்பல் பட்டியல்களிலிருந்தும் திரட்டிய எண்கள் ஒரு கோலத்தைக் காட்டுகின்றன. 1622-23இல் வறட்சி; பழவேற்காடு முதலிய துறைகளிலிருந்து ஆயிரத்துக்கு மேற்பட்டோர் ஏற்றப்பட்டார்கள். 1646-இல் பஞ்சம், பத்தாவியாவுக்கு 2,118 பேர், பெரும்பாலோர் தென் சோழமண்டலத்தவர். 1659 முதல் 1661 வரை பீஜப்பூர்ப் படைகள் தஞ்சைச் சீமையைச் சூறையாடின. நாகப்பட்டினத்திலும் பழவேற்காட்டிலும் பிற இடங்களிலும் கும்பினி வாங்கியவர்கள் 8,000 முதல் 10,000 வரை. அவர்களில் பெரும்பகுதி இலங்கைக்குப் போனது. 1673-77இல் மதுரைக் கரையிலிருந்து மட்டும் 1,839 பேர். 1694-96இல் தனியார் வணிகர்கள் இலங்கைக்குக் கொண்டுபோனவர்கள் 3,859.

இந்த ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் விஷயம் விளங்கிவிடும். மழை பொய்த்த ஆண்டும் படை வந்த ஆண்டும் மட்டுமே இதில் இருக்கின்றன. நல்ல விளைச்சல் இருந்த வருடங்களில் வணிகம் சுருண்டு கிடக்கிறது. மேற்கு ஆப்பிரிக்காவைப் போல ஆண்டுதோறும் உள்நாட்டிலிருந்து சங்கிலி சங்கிலியாக ஆட்கள் வந்த ஏற்பாடு இங்கே இல்லை. கும்பினி ஊருக்குள் போய் யாரையும் துரத்திப் பிடிக்கவுமில்லை. கரையில் பணத்தோடு காத்திருந்தது. பசித்தவர்கள் தாமாக வந்தார்கள், அல்லது தரகர்கள் கூட்டிவந்தார்கள், அல்லது தரகர்கள் பிள்ளைகளைத் திருடிவந்தார்கள்.

பஞ்சத்தில் தன்னையே விற்றுக்கொள்வது தமிழ்நாட்டுக்கு ஐரோப்பியர் கற்றுக்கொடுத்த வழக்கமல்ல. திருப்பாம்புரம் கோயில் கல்வெட்டு ஒன்று, 1201-இல், மூன்றாம் குலோத்துங்கன் காலத்தில், ஒரு வேளாளர் தன்னையும் தன் இரண்டு பெண்மக்களையும் 110 காசுக்குக் கோயிலுக்கு விற்றுக்கொண்டதைப் பதிவு செய்கிறது. காசுக்கு மூன்று நாழி அரிசி விற்ற பஞ்சம் அது. பள்ளர், பறையர் குடும்பங்கள் நிலத்தோடு சேர்த்துக் கைமாறிய வரலாறு நம் ஊர்களில் தலைமுறைக் கணக்கில் நீண்டது. அதை மறைத்துவிட்டு எல்லாப் பழியையும் கோட்டைக்காரர்கள் மேல் போடுவது நேர்மையாகாது. ஆனால் திருப்பாம்புரத்து வேளாளர் விற்றுக்கொண்ட பிறகும் திருப்பாம்புரத்தில்தான் இருந்தார்; அவர் பெயரும் கல்லில் இருக்கிறது. கும்பினி செய்த காரியம், பழைய ஊர்க்கட்டை எடுத்துக் கடலில் மிதக்கவிட்டது. அதன்பின் மழை பெய்தாலும் திரும்பிவர வழி கிடையாது.

முதலில் உள்நாட்டு முனையைப் பார்ப்போம். சித்தூர் மாவட்டத்தின் மேற்கு மூலையில் இருக்கிற ராமகுப்பத்துக்கும் கடலுக்கும் சாலை வழியில் இருநூறு கிலோமீட்டருக்கு மேல். தெலுங்கும் தமிழும் கன்னடமும் புழங்குகிற, கேழ்வரகும் நிலக்கடலையும் விளைகிற மேட்டு நிலம். அங்கே கரையோரக் கோட்டைகளைப் பற்றிப் பேசினால் பொருத்தமில்லாமல் தோன்றும். ஆனால் அந்தப் பக்கத்தில் ஓடுகிற பாலாற்றின் வழியே போய்ப் பாருங்கள். கோலாரிலிருந்து குப்பம் பகுதிக்குள் நுழைந்து, வாணியம்பாடி, வேலூர், ஆற்காடு கடந்து, வயலூர் பக்கம் கடலில் விழுகிறது ஆறு. முகத்துவாரத்துக்குச் சற்று வடக்கே சதுரங்கப்பட்டினம் என்கிற சத்ராஸ். ஒல்லாந்தரின் இன்னொரு கோட்டை. மைசூர் மேட்டிலிருந்து கீழே இறங்குகிற படைக்கும் வணிகனுக்கும் இந்தப் பள்ளத்தாக்கு இயற்கையே போட்டுக்கொடுத்த பாதை. 1640களில் பீஜப்பூர்ப் படைகள் மேற்கிலிருந்தும் கோல்கொண்டாவின் மீர் ஜும்லா வடக்கிலிருந்தும் நெருக்க, இரண்டுக்கும் நடுவே நசுங்கியது மூன்றாம் ஸ்ரீரங்க ராயரின் அரசு. 1646-இல் சந்திரகிரி வீழ்ந்தது. கும்பினிக் கணக்கில் 2,118 பேர் ஏறிய அதே ஆண்டு. போரில் பயிர் அழிந்த ஊர்க்காரன் உணவு தேடிக் கிழக்கே நடந்தால் அவன் போய்ச் சேரும் இடம் கரை. அரிசி மூட்டை கப்பலில் வந்து இறங்குகிற இடமும் கரைதான்.

இன்றைய திருப்பதி மாவட்டத்துக்கே சொந்தமாகக் கடற்கரைக் கோட்டை ஒன்று இருந்ததைத் திருப்பதிக்குப் போய்வருகிற லட்சக்கணக்கானோர் அறியமாட்டார்கள். 2022-இல் மாவட்டம் உருவானபோது நெல்லூரிலிருந்து அதோடு சேர்ந்த வாகாடு பகுதியில் இருக்கிறது துகராஜபட்டணம். ஆங்கிலேயர் அதை ஆர்மகான் என்று எழுதினார்கள். தங்களுக்கு அங்கே இடம் வாங்கிக்கொடுத்த ஆறுமுக முதலியாரின் பெயர் என்பார்கள். 1619 உடன்படிக்கையை நம்பி ஒல்லாந்தரோடு பழவேற்காட்டில் பங்குக்கு இருந்து பார்த்து, ஒத்துவராமல் வெளியேறிய ஆங்கிலக் கும்பினி, 1626-இல் இங்கே பீரங்கிகளோடு ஒரு காவல் கட்டடம் எழுப்பியது. சோழமண்டலக் கரையில் அவர்களுடைய முதல் அரண் அதுதான். துணி சரியாகக் கிடைக்கவில்லை. அங்கே தலைவராக இருந்த பிரான்சிஸ் டே தெற்கே இறங்கி, 1639-இல் தாமர்லா வேங்கடப்ப நாயக்கரிடம் மதராசப்பட்டினத்தை வாங்கினார். ஆர்மகானைக் கைவிட்டார்கள். சென்னை என்ற நகரம் தொடங்கிய புள்ளி சந்திரகிரி அரசின் எல்லைக்குள் எழுதிய ஓர் ஓலை என்பது பள்ளிப் பாடத்தில் வரும், ஆர்மகான் வராது.

மதராசிலும் அதே கதை நடந்தது. 1683-இல் அடிமைகளை வாங்கி ஏற்றுமதி செய்யக் கூடாது என்று கோட்டை நிர்வாகம் ஆணையிட்டது. நான்கே ஆண்டில், பஞ்சம் முற்றி ஆள் மலிந்ததும், ஆணை மாறியது: ஏற்றுகிற ஒவ்வோர் அடிமைக்கும் ஒரு வராகன் சுங்கம். 1687 செப்டம்பரில் மட்டும் 665 பேர் கப்பலேறினார்கள். ஆளுநர் எலிஹு யேல். அவர் பிற்காலத்தில் கொடுத்த நன்கொடையால் அமெரிக்காவில் ஒரு கல்லூரி அவர் பெயரைப் பெற்றது. கர்நாடகத்தைப் பிடித்த மொகலாய அதிகாரிகள் எதிர்ப்புச் சொன்ன பிறகு 1688-இல் மறுபடி தடை. மனசாட்சி உறுத்தி வந்த தடை என்று இதைப் படிக்க எனக்கு மனம் வரவில்லை.

இவ்வளவும் காகிதத்தில் இருக்கிறது. மண்ணில் ஏன் தெரியவில்லை?

முதல் காரணம் கடற்கரையின் வடிவம். சோழமண்டலக் கரையில் அந்நாளில் ஆழ்ந்த துறைமுகம் கிடையாது. கப்பல்கள் அலைக்கு வெளியே நங்கூரம் போட்டு நிற்கும். கயிற்றால் தைத்த மசூலாப் படகுகள் அலையைத் தாண்டி ஆளையும் சரக்கையும் கொண்டுபோய்ச் சேர்க்கும். படியோ மேடையோ வேண்டியதில்லை. மணலில் நடந்து படகேறிவிட்டால் தடம் அடுத்த அலையோடு போய்விடும். இரண்டாவது காரணம் இன்னும் முக்கியமானது. கேப் டவுனில் ஓர் அடிமையின் குப்பைக்குழியில் ஆசியப் பானையோ சோழியோ கிடைத்தால் அது உடனே கண்ணில் படும், அந்த மண்ணுக்கு அது அந்நியம் என்பதால். பழவேற்காட்டில் விற்கப்பட்டவர் அதே சீமைக்காரர். அவர் கஞ்சி குடித்த சட்டி, அவரை வாங்கிய தரகரின் வேலைக்காரர் குடித்த சட்டி, கோட்டைக்கு வெளியே இருந்த நெசவாளி குடித்த சட்டி எல்லாம் ஒரே குயவன் வனைந்த செம்மண் சட்டிகள். கோட்டைக்குள் தனித்துத் தெரிபவை ஐரோப்பியருடைய பொருள்கள் மட்டுமே. சத்ராஸ் கோட்டையில் இந்தியத் தொல்லியல் துறை அகழ்ந்தபோது சீனப் பீங்கானும் கண்ணாடிப் போத்தல் துண்டுகளும் களிமண் புகைக்குழாய்களும் கிடைத்தது அதனால்தான். சாப்பிட்டுப் புகைத்து உட்கார்ந்திருந்தவர்களின் வாழ்க்கை நன்றாகத் தெரிகிறது. பரிமாறியவர்கள் தெரியவில்லை.

கானாவிலேயே இருக்கிற எல்மினா இதற்கு நல்ல பாடம். 1482-இல் போர்த்துகீசியர் கட்டி, 1637-இல் ஒல்லாந்தர் கைப்பற்றிய கோட்டை. அங்கே ஆய்வு செய்த கிறிஸ்டோபர் டிகோர்ஸ், கோட்டையின் காலடியில் இருந்து 1873-இல் ஆங்கிலேயர் தரைமட்டமாக்கிய ஆப்பிரிக்க ஊரைத் தோண்டினார். யார் வணிகம் செய்தார்கள், எதைச் சாப்பிட்டார்கள், வீட்டுத் தரைக்கடியில் யாரைப் புதைத்தார்கள் என்றெல்லாம் அந்த ஊர்தான் சொன்னது. அக்ராவின் கிறிஸ்டியன்ஸ்போர்க் கோட்டையில் ரேச்சல் எங்மன் அந்தப் பகுதி மக்களையே உடன் வைத்துக்கொண்டு அகழ்கிறார். கிறிஸ்டியன்ஸ்போர்க்கைக் கட்டிய டென்மார்க் அரசுதான் 1620-இல் ரகுநாத நாயக்கரிடம் இடம் பெற்றுத் தரங்கம்பாடியில் டான்ஸ்போர்க்கைக் கட்டியது. அந்த இரண்டு கோட்டைகளையும் ஒரே கேள்வியோடு அணுகிய ஆய்வு நம் பக்கத்தில் வளரவில்லை. தரங்கம்பாடியை நாம் மஞ்சள் சுவரும் அச்சுக்கூடமுமாகவே பார்த்துப் பழகிவிட்டோம்.

கெல்டிரியாவில் எங்கே தோண்டலாம் என்று என்னைக் கேட்டால் அகழியைக் காட்டுவேன். ஓர் ஊரில் வேண்டாததெல்லாம் வந்து விழும் இடம் அது. ஈரம் காயாத சேற்றில் மரமும் கயிறும் துணியும் விதையும் மட்காமல் நிற்கும். உலர்ந்த மணலில் நிற்காது. அதன்பின் கோட்டைக்கு வெளியே இருந்த கடைத்தெரு.

துணி என்றதும் இன்னொரு சங்கதியையும் சொல்லியாக வேண்டும். சோழமண்டலம் ஆட்களை விற்ற கரை மட்டும் இல்லை. வேறு கண்டத்தில் ஆட்களை வாங்கப் பயன்பட்ட பணத்தை நெய்த கரையும் கூட. 18-ஆம் நூற்றாண்டில் மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போன அடிமைக் கப்பல்களின் சரக்கில் இந்தியப் பருத்தித் துணிக்குப் பெரிய இடம் உண்டு. புதுச்சேரியின் அவுரி நீலத் துணி செனகலுக்குப் போனது. பழவேற்காடு, மெட்ராஸ் என்று ஊர்ப் பெயரோடு விற்ற கட்டம் போட்ட கைக்குட்டைத் துணி நைஜர் கழிமுகத்துக்குப் போனது. அங்குள்ள கலபாரி மக்கள் இன்றைக்கும் அந்தத் துணியை இஞ்சிரி என்று அழைத்து, பிள்ளைப்பேற்றுக்கும் சாவுக்கும் உடுத்துகிறார்கள். அதன் கட்டங்களில் சில நூல்களை மட்டும் கத்தியால் நறுக்கி உருவி எடுத்து, புதுக்கோலம் வரவழைப்பது அவர்கள் பெண்களின் கைவேலை. அந்தக் கட்டங்களை ஆந்திரக் கரையோரத் தறிகள் அண்மைக் காலம் வரை நெய்து அனுப்பிக்கொண்டிருந்தன. மாலத்தீவுச் சோழிகளும் இப்படித்தான்: இலங்கை, வங்காளம் வழியாக ஆம்ஸ்டர்டாம் ஏலத்துக்குப் போய், அங்கிருந்து ஆப்பிரிக்கக் கரையில் பணமாக இறங்கின. துணி மட்கிவிடும், சோழி மட்காது. மேற்கு ஆப்பிரிக்க அகழ்வுகளில் சோழிகள் கிடைக்கின்றன.

மறுமுனைக்கு வருவோம். கொழும்பின் கொம்பனித்தெருவை ஆங்கிலத்தில் அடிமைத் தீவு என்ற பொருளில்தான் நெடுங்காலம் அழைத்தார்கள். ஒல்லாந்தர் தங்கள் அடிமைகளை இரவில் அடைத்துவைத்த, ஏரி சூழ்ந்த நிலம். 1659-க்குப் பின் நாகப்பட்டினத்திலிருந்து போனவர்கள் இலங்கையில் கோட்டை வேலைக்கும் வயல் வேலைக்கும் போனார்கள். அதே 1659 ஜூலையில் காலித் துறைமுகத்தில் மூழ்கியது ஆவொன்ட்ஸ்டர் என்ற கும்பினிக் கப்பல். நாகப்பட்டினத்துக்குப் போகவேண்டிய பாக்கு அதில் ஏறிக்கொண்டிருந்தது. 2001 தொடங்கி இலங்கைக் கடல்சார் தொல்லியலாளர்கள் அதை நீருக்கடியில் அகழ்ந்து, கயிறும் பீரங்கியும் சமையற்பாத்திரமும் எடுத்திருக்கிறார்கள். பாக்கு இந்தப் பக்கம் வர, ஆட்கள் அந்தப் பக்கம் போன கடல்வழியில் ஓடிய கப்பல் அது.

கேப் டவுன் ஆவணங்களில் ஒரு பெண் வருகிறாள். பழவேற்காட்டுக் கத்தரீனா. ஆள் பெரிய உருவம் போலும். பெரிய கத்ரைன் என்றும் எழுதியிருக்கிறார்கள். பத்தாவியாவில் அடிமையாக இருந்தவள். 1656-இல் அவளுடைய காதலன், அவனும் ஓர் அடிமை, அவளோடு நடந்த சண்டையில் அடிபட்டு இறந்துபோனான். மரண தண்டனை விதித்தார்கள். பிறகு அதை மாற்றி, நன்னம்பிக்கை முனைக்கு நாடு கடத்தினார்கள். 1657-இல் அங்கே போய்ச் சேர்ந்தாள். முனைக்கு வந்த கைதிகளில் பெயர் தெரிந்த முதல் பெண் அவள். தளபதி யான் வான் ரீபெக்கின் வீட்டுத் துணி துவைக்கும் வேலை கொடுத்தார்கள். கோட்டைச் சிப்பாய் ஒருவனுக்கு அவளிடம் பிறந்த மகன் கிறிஸ்டோஃபல் ஸ்னேமன். பிறகு 1671-இல் விடுதலை பெற்ற வங்காளத்து அடிமை ஒருவரை மணந்தாள். மகன் வளர்ந்து, பிரான்சிலிருந்து மதப் பகைக்குத் தப்பிவந்த குடும்பத்துப் பெண் ஒருத்தியைக் கட்டிக்கொண்டான். தென்னாப்பிரிக்க வெள்ளையரில் ஸ்னேமன் என்ற குடும்பப் பெயருள்ளவர்கள் அந்த வழியில் வந்தவர்கள். நிறவெறிச் சட்டங்கள் நடப்பில் இருந்த காலத்தில் இந்த வம்சாவளியை அவர்களில் எத்தனை பேர் உரக்கச் சொல்லியிருப்பார்கள் என்பது வேறு கதை.

பழவேற்காட்டுக் கத்தரீனா என்றால் பழவேற்காட்டில் பிறந்தவள் என்று எடுத்துக்கொள்வது வழக்கம். எச்சரிக்கை வேண்டிய இடம் இது. அடிமையின் பெயரோடு ஒட்டிய ஊர் பெரும்பாலும் விற்ற துறையின் பெயர். எழுத்தனுக்குத் தெரிந்த ஊர் துறைதான். கரையில் கப்பலேறியவர் எந்த ஊரிலிருந்து எத்தனை நாள் நடந்துவந்தார் என்பது அவன் பேரேட்டில் ஏறவில்லை. காகிதம் வாசற்படியோடு நின்றுவிடுகிறது.

எலும்பு அப்படி நிற்பதில்லை. கேப் டவுனுக்குக் கிழக்கே வெர்கெலெகன் என்ற பண்ணை இருக்கிறது. 1700-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆளுநர் வில்லெம் ஆத்ரியான் வான் டெர் ஸ்டெல் உருவாக்கியது. அங்கே அடிமைகள் தங்கிய கட்டடத்தை அகழ்ந்தபோது, தரைக்கடியில் ஒரு பெண்ணின் எலும்புக்கூடு கிடைத்தது. ஜூடித் சீலியும் அவருடைய குழுவினரும் 1993-இல் வெளியிட்ட ஆய்வு அவளுடைய பல்லையும் எலும்பையும் தனித்தனியே சோதித்தது. பல் சிறுவயதில் உருவாகி அப்படியே உறைந்துவிடும். எலும்பு வாழ்நாள் முழுவதும் புதுப்பித்துக்கொண்டே இருக்கும். எனவே பல்லில் பிள்ளைப் பருவச் சாப்பாடும் எலும்பில் பிற்காலச் சாப்பாடும் பதிந்திருக்கும். அவளுடைய பிள்ளைப் பருவம் வெப்பநாட்டுத் தானியங்களில் கழிந்திருந்தது. பிற்காலத்தில் உணவு தலைகீழாக மாறி, கடல் உணவு மிகுந்திருந்தது. பெயர் தெரியாத, ஆவணத்தில் இல்லாத ஒருத்தி எங்கோ வேறு மண்ணில் வளர்ந்து இங்கே கொண்டுவரப்பட்டாள் என்பதை இரண்டு கரிம அளவுகள் சொல்லிவிட்டன.

இதைப் படித்ததும் எனக்கு ராமகுப்பம் பக்கத்து ராகிச் சங்கடிதான் நினைவுக்கு வந்தது. நெல்லும் கோதுமையும் காற்றிலிருந்து கரியை உள்வாங்குகிற விதம் ஒன்று. கேழ்வரகும் கம்பும் சோளமும் உள்வாங்குகிற விதம் இன்னொன்று. இரண்டும் உண்பவரின் பல்லில் வேறு வேறு அளவாகப் பதிகின்றன. காவிரிக் கழிமுகத்தில் அரிசிச் சோறு தின்று வளர்ந்த பிள்ளையையும் மேட்டு நிலத்தில் சங்கடி தின்று வளர்ந்த பிள்ளையையும் ஒரு பல் பிரித்துக் காட்டும். கேழ்வரகு தின்றவர்கள் ஆப்பிரிக்காவிலும் உண்டு, மடகாஸ்கரிலும் உண்டு என்று கேட்கலாம். சரியான கேள்வி. அதற்கு இன்னொரு சோதனை இருக்கிறது. பாறையிலுள்ள ஸ்ட்ரோன்சியம் மண்ணுக்கும் நீருக்கும் பயிருக்கும் வந்து, பல்லிலும் சேர்கிறது. அதன் வகைகளுக்கிடையே உள்ள விகிதம் பாறையின் வயதைப் பொறுத்தது. குப்பம், ராமகுப்பம், பலமநேர் பகுதியின் அடிப்பாறை 250 கோடி ஆண்டுக்கும் மூத்தது. கோலார் தங்கப் பட்டையின் தெற்கு வால் அந்தப் பக்கம்தான் நீள்கிறது. கரையோரம் ஆற்று வண்டலும் கடற்காற்றின் உப்பும் கலந்த இளைய மண். இரண்டிடத்துப் பற்களும் வேறு வேறு எண் காட்டும்.

ஒப்பிட்டுப் பார்க்க இங்கே அளவு எடுத்து வைத்திருக்க வேண்டும். கேப் டவுனிலிருந்து ஒரு பல்லின் எண் வந்தால், அது எந்த ஊர் மண்ணோடு பொருந்துகிறது என்று பார்க்க ஒரு வரைபடம் தேவை. அதற்குக் கோட்டையும் வேண்டாம், அகழ்வுக் குழியும் வேண்டாம். வெளியூர்த் தீவனம் தின்னாமல் ஒரே ஊரில் மேய்ந்து செத்த ஆட்டின் பல், வயல் நத்தையின் ஓடு, கிணற்று நீர் ஒரு போத்தல்: ஊருக்கு நாலைந்து மாதிரிகள் போதும். பாலாற்றின் வழியாக, குப்பத்தில் தொடங்கி வயலூர் வரை. சந்திரகிரியிலிருந்து சுவர்ணமுகி வழியாகக் கடல் வரை. துகராஜபட்டணத்திலிருந்து பழவேற்காடு வரை. குப்பத்தில் திராவிடப் பல்கலைக்கழகம் இருக்கிறது, திருப்பதியில் தொல்லியல் துறையோடு வேங்கடேசுவரா பல்கலைக்கழகம் இருக்கிறது. முதுகலை மாணவர்கள் ஒரு கோடை விடுமுறையில் சேகரித்துவிடக்கூடிய மாதிரிகள் இவை. ஆட்டுப் பல் கறிக்கடையில் கிடைக்கும். ஆடு எந்த ஊரில் மேய்ந்தது என்று கடைக்காரரிடம் மறக்காமல் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.